கிங்டம்: எங்கிருந்து தொடங்குவது? தொடர், ஆஷின், ராம்பன்ட் – மூன்றையும் வைத்து ஓர் ஒப்பீடு

நெட்ஃபிளிக்ஸில் ‘கிங்டம்’ என்று தேடினால் இரண்டு தலைப்புகள் வந்து நிற்கும். ஒன்று, இரண்டு சீசன் ஓடிய கொரியத் தொடர்; ஜோசன் என்ற பழைய கொரிய அரசின் காலத்தில் நடக்கும் ஜாம்பி கதை. இன்னொன்று ‘கிங்டம்: ஆஷின் ஆஃப் தி நார்த்’ என்ற ஒன்றரை மணி நேரத் தனிக்கதை. இரண்டாவதில் நடப்பது முதலாவதற்கு முந்தைய சம்பவங்கள். அப்படியானால் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும் என்று மனம் சொல்லும். அதற்குள் யாராவது ஒரு நண்பர், “பன்னிரண்டு எபிசோடு பார்க்க எங்கே நேரம்? ‘ராம்பன்ட்’ என்று ஒரு படம் இருக்கிறது, அதுவும் ஜோசன் காலம், அதுவும் ஜாம்பி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்” என்பார். சரி, எதைத்தான் பார்ப்பது?

இதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்கான கட்டுரை இது. அதனால் தொடரின் முதல் மூன்று எபிசோடுகளில் தெரியவருவதைத் தாண்டி எந்த முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

எனக்கு முக்கியமான கேள்வி, அரசியலும் நோயும் ஒரே கதையா, இரண்டு கதையா என்பதுதான். ஜாம்பி படங்களில் பெரும்பாலும் நோய் எங்கிருந்தோ வரும், மனிதர்கள் ஓடுவார்கள், ஓட்டத்துக்கு நடுவே கொஞ்சம் அதிகாரப் போட்டி நடக்கும். நோயை எடுத்துவிட்டாலும் போட்டி அப்படியே நிற்கும் என்றால், அங்கே இரண்டு கதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

அடுத்தது பாத்திரங்கள். சூழ்ச்சிக் கதையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்க வேண்டும். வில்லன் ஒருவர் மட்டும் திட்டம் போட, மற்றவர்கள் அதில் மாட்டிக்கொண்டு விழிக்கிற கதை சீக்கிரம் சலித்துவிடும்.

மூன்றாவது, ஒன்றை முதலில் பார்ப்பதால் மற்றதில் எது கெட்டுப்போகிறது என்பது. பலர் கவனிக்காத செலவு இதுதான். ஒரு ரகசியத்தை ஒரு முறைதான் முதல் முறையாகத் தெரிந்துகொள்ள முடியும்.

அப்புறம் நேரமும், கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் யார் என்பதும். மூன்றிலுமே தலைகள் வெட்டப்படுகின்றன, கழுத்துகள் கடிபடுகின்றன. குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.

## கிங்டம், இரண்டு சீசன்கள்

முதல் சீசன் 2019 ஜனவரியில் வந்தது, இரண்டாவது 2020 மார்ச்சில். தலா ஆறு எபிசோடு, மொத்தம் ஒன்பது மணி நேரம் போல ஆகும். எழுதியவர் கிம் உன்ஹீ. அவர் கதை எழுதி யாங் கியோங்கில் வரைந்த காமிக்ஸ் ஒன்றிலிருந்து வளர்ந்தது இந்தத் தொடர்.

1592 முதல் 1598 வரை நடந்த ஜப்பானியப் படையெடுப்பு முடிந்து சில ஆண்டுகளே ஆன ஜோசன் நாடு. வயல்கள் பாழாகிக் கிடக்கின்றன, சனங்கள் பட்டினி. தலைநகர் ஹன்யாங்கில் மன்னருக்கு அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லி அரண்மனைக் கதவைச் சாத்திவிட்டார்கள். பட்டத்து இளவரசன் லீ சாங்கைக்கூடத் தந்தையைப் பார்க்க விடவில்லை. மன்னர் இறந்துவிட்டார் என்று ஊருக்குள் சுவரொட்டிகள். உண்மையில் மன்னர் இறந்துதான் போயிருக்கிறார். தலைமை அமைச்சர் ஜோ ஹாக்ஜு ஒரு மூலிகையைக் கொண்டு அவரை எழுப்பிக் கட்டிவைத்திருக்கிறார். காரணம், ஜோ ஹாக்ஜுவின் மகள்தான் இளைய ராணி. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கு ஆண்பிள்ளை பிறக்கும்வரை மன்னர் இருந்தாக வேண்டும். அதற்கு முன்பு சாவு அறிவிக்கப்பட்டால் அரியணை லீ சாங்குக்குப் போய்விடும்.

ஒரு மரணத்தின் தேதியைத் தள்ளிப்போட்டதால் வந்த நோய் இது. அரசியலை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் ஜாம்பியே கிடையாது. என் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை வேறு எந்த ஜாம்பி கதையிலும் நான் பார்த்ததில்லை.

ஜோ ஹாக்ஜு (நடித்தவர் ரியூ சுங்ரியோங்) அரியணையில் தான் உட்கார ஆசைப்படுகிறவர் அல்ல. பேரன் உட்கார்ந்தால் போதும். கொரிய வரலாற்றில் இது புதிதல்ல. ராணியின் பிறந்த வீட்டார் நாட்டை ஆள்வதை ‘செதோ’ அரசியல் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆந்தோங் கிம் குலமும் பூங்யாங் ஜோ குலமும் அப்படித்தான் அரசவையைக் கையில் வைத்திருந்தன. 1834இல் ஹொன்ஜோங் மன்னரானபோது அவருக்கு வயது ஏழு. தொடரில் வரும் ஹேவொன் ஜோ குலம் கற்பனைதான். ஆனால் கொரியர்களுக்கு அந்தக் குலத்தின் நடை உடனே பிடிபட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் லீ சாங் (ஜு ஜிஹூன்). ராணி வயிற்றுப் பிள்ளை அல்ல, ஆசைநாயகிக்குப் பிறந்தவன். ஜோசனில் அப்படிப் பிறந்த உயர்குடிப் பிள்ளைகளுக்கு அரசுப் பணித் தேர்வு எழுதவே தடை இருந்தது. பட்டத்து இளவரசன் என்ற பெயர் இருந்தும் ராணிக்கு மகன் பிறந்துவிட்டால் தன் தலை தப்பாது என்று அவனுக்குத் தெரியும். அவன்மேல் விழும் துரோகக் குற்றச்சாட்டு முழுப்பொய்யும் அல்ல என்பது எனக்குப் பிடித்த இடம். உயிர்பிழைக்க ஆசைப்பட்ட ஓர் இளைஞன் நல்ல அரசனாக மாறுவானா, மாறத்தான் வேண்டுமா என்பதைப் பன்னிரண்டு எபிசோடும் விடாமல் கேட்கின்றன.

இந்தக் கட்டத்தில் ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சொன்ஜோ மன்னர் 1592 படையெடுப்பில் தலைநகரை விட்டு ஓடிய அவசரத்தில் பட்டத்து இளவரசனாக்கப்பட்டவர் குவாங்ஹே. அவரும் ஆசைநாயகியின் மகன். 1602இல் மன்னர் இன்மோக் என்ற இளம்பெண்ணை ராணியாக்கினார். அந்தச் சிற்றன்னை குவாங்ஹேயைவிட ஒன்பது வயது இளையவர். 1606இல் அவருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. 1608இல் மன்னர் இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு இரண்டே வயது, அதனால் குவாங்ஹே அரியணை ஏறினார். மன்னர் இன்னும் பத்து ஆண்டு வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொடர் குவாங்ஹேயின் பெயரை எங்கும் சொல்வதில்லை. ஆனால் லீ சாங்கையும் ராணியையும் ஒரே அறையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

சின்னப் பாத்திரங்களுக்கும் கணக்கு இருக்கிறது. மருத்துவப் பெண் சொபி (பே தூனா) அரண்மனைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். நோயைப் புரிந்துகொள்வது மட்டும்தான் அவள் வேலை. நாட்டில் குறிப்பெடுத்து யோசிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று சில நேரம் தோன்றும். முதல் எபிசோடின் கடைசியில் தோங்னே என்ற ஊரின் மருத்துவமனையில் பட்டினி கிடப்பவர்களுக்கு ஒருவன் இறைச்சி சூப் காய்ச்சி ஊற்றுகிறான். இரக்கத்தில் செய்த காரியம் அது. அந்தப் பானையிலிருந்துதான் ஊர் முழுக்க நோய் பரவுகிறது. அரசவையில் போட்ட கணக்கும் ஏழைகளின் பசியும் சந்திக்கிற இடம் அந்தப் பானை.

தோங்னேயின் ஆட்சியாளர் போம்பல், ஜோ ஹாக்ஜுவின் குலத்தவன், பயந்தாங்கொள்ளி. இரண்டாவது எபிசோடில் பகலில் அசையாமல் கிடக்கும் உடல்களை எரித்துவிட்டால் ஊர் தப்பிக்கும் என்ற நிலை. ஆனால் உயர்குடி உடல்களை எரிக்க விடமாட்டோம் என்று குடும்பத்தார் மறிக்கிறார்கள். பெற்றோர் தந்த உடலைச் சிதைப்பது பாவம் என்பது கன்பூசிய நெறி. ஏழைகளின் உடலை எரிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது எபிசோடில் ஊரில் இருக்கிற ஒரே கப்பலில் யார் ஏறிப்போகிறார்கள் என்று பாருங்கள். நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இதன் மறைமுகச் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு எபிசோடில் பெயர்கள் குழப்பும். அதற்கு ஒரு வழி, முகத்தைவிட உடையையும் தொப்பியையும் பார்ப்பது. அரசவையில் சிவப்பு அங்கி மேல்நிலை அதிகாரிகள், நீலம் நடுநிலை, பச்சை கீழ்நிலை. குதிரைமுடியில் நெய்த அகலமான ‘கத்’ தொப்பி வைத்தவர்கள் உயர்குடியினர். இது பழகிவிட்டால் யார் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பது பெயர் தெரியாமலே புரியும். இன்னொரு செலவு, முதல் சீசன் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. ஆறு எபிசோடு பார்த்து நிறுத்தலாம் என்று நினைத்து உட்காராதீர்கள். இரண்டாவது சீசன் அரண்மனைக் கதையை நன்றாகவே முடித்துவைக்கிறது, ஆனால் கடைசிக் காட்சியில் ஒரு புதுக் கதவைத் திறந்துவிடுகிறது. மூன்றாவது சீசன் இதுவரை வரவில்லை. அப்புறம், முதல் சீசனில் ராணி (கிம் ஹேஜுன்) உணர்ச்சியே இல்லாமல் நிற்பதாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணை அவள் தந்தை ஆண்பிள்ளை பெறும் கருவியாக மட்டும் பார்த்தால் அவளுக்குள் என்ன உறைந்துபோகும் என்பது இரண்டாவது சீசனில் தெரியும். மொத்தத் தொடரிலும் மிகத் துணிச்சலாக எழுதப்பட்ட பாத்திரம் அவள்தான் என்பது என் கட்சி.

கொரியக் குரலிலேயே பாருங்கள். இளவரசனை ‘ஜொஹா’ என்றும் மன்னரை ‘ஜொன்ஹா’ என்றும் அழைப்பார்கள். இடையில் இருப்பது ஓர் எழுத்து ஒலிதான். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த நம் காதுக்கு, யார் எந்தச் சொல்லை எப்போது மாற்றுகிறார்கள் என்பதைப் பிடிப்பது கடினமல்ல.

## ஆஷின் ஆஃப் தி நார்த்

2021 ஜூலையில் வந்தது, 92 நிமிடம். அதே கிம் உன்ஹீ எழுத்து, முதல் சீசனை இயக்கிய கிம் சோங்ஹுன் இயக்கம். அரண்மனை இதில் கிட்டத்தட்ட இல்லை. ஜோசனின் வட எல்லை, பனி, காடு, அம்னோக் ஆறு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஜுர்சென் இனத்தவர். இந்தப்பக்கம் தலைமுறைகளாக ஜோசன் மண்ணில் குடியிருந்தும் ஜோசன் மக்களாக ஏற்கப்படாத இன்னொரு ஜுர்சென் கூட்டம். இரு தரப்புக்கும் அந்நியரான அந்தக் கிராமத்துச் சிறுமிதான் ஆஷின்.

சூழ்ச்சி இதிலும் உண்டு, ஆனால் அது போடப்படும் மேசையை நமக்குக் காட்டுவதில்லை. அது வந்து விழுகிற வீட்டைக் காட்டுகிறார்கள். பேச்சு குறைவு. பெரிய நட்சத்திரமான ஜுன் ஜிஹ்யுன் பாதிக் கதைக்குப் பிறகுதான் வருகிறார். அதுவரை சிறுமி ஆஷினாக நடித்த கிம் சியா கதையைத் தனியாகத் தாங்குகிறார்.

இதை முதலில் பார்க்கலாமா? கூடாது என்பேன், இரண்டு காரணத்தால். தொடரில் நோயின் மூலத்தையும் அதன் விதிகளையும் சொபி கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவளோடு சேர்ந்து நாமும் தடுமாறுவதுதான் தொடரின் பாதி சுவை. ஆஷினை முதலில் பார்த்தவருக்கு அந்தத் தடுமாற்றம் கிடைக்காது. என் சித்தி மகன் அப்படித்தான் தலைகீழாகப் பார்த்தான். சொபி பள்ளத்தாக்கில் தேடி அலைகிற காட்சிகளில் “இது எனக்கு முன்னாடியே தெரியுமே” என்று போனை எடுத்துவிட்டான்.

இரண்டாவது காரணம் மின் சிரோக் என்ற அதிகாரி. இரண்டாவது சீசனில் அரண்மனைக் காவல்படைத் தலைவராக வருவார். ஊழல் மலிந்த தலைநகரில் நேர்மையாக விசாரணை நடத்துகிற மனிதர், நமக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும். ஆஷினில் அதே மனிதர் எல்லைப் பகுதியில் பொறுப்பில் இருக்கிறார். போரைத் தவிர்க்க அவர் ஒரு முடிவு எடுக்கிறார். நாட்டின் கணக்கில் பார்த்தால் அது நியாயமாகக்கூடத் தெரியும். அது யார் தலையில் விடிகிறது என்பதுதான் ஆஷினின் கதை. தொடரை முடித்துவிட்டு இதைப் பார்த்தால், நாம் மரியாதை வைத்த ஒருவரை வேறொரு வாசலில் நின்று பார்க்க வேண்டிவரும். நல்ல அதிகாரி, நல்ல முடிவு என்றெல்லாம் நாம் நினைத்தது யாருடைய பக்கத்திலிருந்து என்று கேட்க வைக்கிற இடம் இது. முதலில் ஆஷினைப் பார்த்தவருக்கு அவர் வெறும் கெட்டவராகப் பதிந்துவிடுவார், பிறகு தொடரில் அவர் செய்யும் நல்லது ஒட்டாது.

ஆனாலும் ஆஷினே சரியான தேர்வாக இருக்கும் சிலர் உண்டு. தொடர்கதை என்றாலே ஒவ்வாதவர்கள், மெதுவாக நகர்கிற பழிவாங்கும் துயரக்கதை பிடித்தவர்கள், தொடரின் ரகசியங்களை ஏற்கெனவே யார் வாயிலாவது கேட்டுவிட்டவர்கள். ஒரு எச்சரிக்கை: மூன்றிலும் மனத்தை மிகவும் அழுத்துவது இதுதான். ஒரு கிராமமே அழிகிறது, பெண்கள் வதைபடுகிறார்கள். மனம் சரியில்லாத நாளில் வேண்டாம்.

## ராம்பன்ட்

2018 அக்டோபரில், கிங்டத்துக்குச் சில மாதம் முன்பே திரைக்கு வந்த படம். இயக்குநர் பெயரும் கிம் சோங்ஹுன்தான், ஆனால் கிங்டம் இயக்குநர் அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர். இதனால் பலர் இரண்டையும் ஒரே கதையின் பகுதிகள் என்று நினைக்கிறார்கள். தொடர்பே கிடையாது.

சீனத்தின் சிங் அரசில் வளர்ந்த ஜோசன் இளவரசன் லீ சுங் (ஹ்யுன் பின்) அண்ணன் இறந்த செய்தி கேட்டு நாடு திரும்புகிறான். அரியணை ஆசையே இல்லாத உல்லாசி. அரசவையில் போர் அமைச்சர் கிம் ஜாஜூன் (ஜாங் தோங்குன்) ஆட்சியைப் பிடிக்கக் காத்திருக்கிறார். நோய் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் வந்திறங்குகிறது. கடிபட்டவர்களை ‘யாக்வி’, அதாவது இரவுப் பேய் என்று அழைக்கிறார்கள்.

வித்தியாசம் இப்போதே தெரிகிறது அல்லவா? நோய் கப்பலில் வருகிறது, சதி அரண்மனையில் இருக்கிறது, அமைச்சர் ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார். இரண்டு கதைகள், நடுவில் ஒரு பாலம். கிம் ஜாஜூனுக்கும் ஜோ ஹாக்ஜுவுக்கும் உள்ள வேறுபாடும் அதுதான். முன்னவர் அரியணையையே கேட்கிறார். அதை எதிர்த்து வாளை உருவினால் போதும். பின்னவர் பிறக்காத பேரனைக் காட்டி ஆள்கிறார். அவரை வாளால் மட்டும் வெல்ல முடியாது.

அதற்காக ராம்பன்ட் வீணான படம் என்று சொல்ல மாட்டேன். அரண்மனை முற்றத்தில் ஹ்யுன் பின் நீண்ட வாளோடு நிற்கும் சண்டைகள் பெரிய திரைக்காகவே எடுத்தவை. அதோடு வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. 1637இல் இன்ஜோ மன்னர் சிங் படையிடம் சரணடைந்த பிறகு அவருடைய மகன்கள் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பட்டத்து இளவரசர் சோஹியோன் 1645இல் திரும்பி வந்த சில மாதங்களில் இறந்துபோனார். அந்தக் காலத்து அரசவையில் கிம் ஜாஜோம் என்ற அமைச்சர் இருந்தார். 1651இல் துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். படத்தின் பெயர்களும் நிலைமையும் எதை நினைவூட்டுகின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது. ஆஷினில் ஆற்றுக்கு அப்பால் நிற்கும் ஜுர்சென் மக்கள்தான் பின்னாளில் மஞ்சுக்களாகி 1636இல் சிங் என்று அரசுக்குப் பெயர் வைத்தவர்கள். கிங்டம் நினைவூட்டும் குவாங்ஹேயை 1623இல் கவிழ்த்து அரியணை ஏறியவர்தான் இன்ஜோ. ஆக, எல்லைக் கிராமம், குவாங்ஹேயின் நிழல், சிங் பிணை இளவரசன் என்று மூன்று கதைகளும் தொடர்ச்சியான அரை நூற்றாண்டுக் கொரிய வரலாற்றின்மேல் நிற்கின்றன. படைத்தவர்கள் சேர்ந்து திட்டமிட்டதல்ல. ஆனால் மூன்றையும் பார்த்து முடித்த பிறகு கிடைக்கிற இந்தக் கோணத்துக்காகவே ராம்பன்ட்டைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

இதன் மறைமுகச் செலவு, முதலில் பார்த்தால் வருவது. அரண்மனை வளாகத்தில் பட்டுடை அணிந்த ஜாம்பிகள் என்ற காட்சியின் அதிர்ச்சியை இது செலவழித்துவிடும். கிங்டம் அதே இடத்துக்குப் பல மணி நேரம் நம்மைத் தயார்படுத்திக் கூட்டிப்போகிறது. அந்த அதிர்ச்சியை அங்கே அனுபவிப்பதுதான் நியாயம்.

நான்காவதாக ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ என்ற தொடரின் பெயரையும் சிலர் சொல்வார்கள். 2021 மார்ச்சில் வரலாற்றைத் திரிக்கிறது என்ற எதிர்ப்பில் இரண்டே எபிசோடில் நிறுத்தப்பட்டது அது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கிங்டம் 1, 2 | ஆஷின் | ராம்பன்ட் |
|---|---|---|---|
| நேரம் | சுமார் 9 மணி | 92 நிமிடம் | சுமார் 2 மணி |
| நோய் எங்கிருந்து | அரசவைப் பொய்யிலிருந்து | எல்லைக் காட்டிலிருந்து | கப்பலிலிருந்து |
| எதிரியின் ஆசை | பேரனுக்கு அரியணை | எதிரி யார் என்பதே கேள்வி | தனக்கே அரியணை |
| முதலில் பார்த்தால் நட்டம் | இல்லை | தொடரின் ரகசியங்கள் | அரண்மனைக் காட்சியின் அதிர்ச்சி |
| முடிவு | முடிந்து, மறுபடி திறக்கிறது | தொங்கலில் நிற்கிறது | முழுமையாக முடிகிறது |

## அப்படியானால் யாருக்கு எது

பாத்திரங்களுக்காகவும் சூழ்ச்சிக்காகவும் பார்ப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் சீசனில் தொடங்குங்கள். ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும். ஒரே நாளில் பன்னிரண்டையும் விழுங்க வேண்டாம். மூன்றாவது எபிசோடின் கப்பல் காட்சிக்குப் பிறகு சற்று நிறுத்திவிட்டுத் தொடர்வது நல்லது.

நண்பர்கள் நாலு பேர் கூடியிருக்கிறார்கள், பாதிப் பேர் பேசிக்கொண்டேதான் பார்ப்பார்கள் என்றால் ராம்பன்ட். ஒரு வசனத்தைத் தவறவிட்டாலும் கதை கைவிட்டுப் போகாது. கிங்டத்தை அப்படிப் பார்த்தால் யார் யாருடைய மகன் என்பதே புரியாமல் எழுந்துபோவார்கள். முற்றுப்பெறாத கதை பிடிக்காதவர்களுக்கும் ராம்பன்ட்தான்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்கிற வரிசை: சீசன் ஒன்று, சீசன் இரண்டு, ஆஷின், பிறகு ஆசை இருந்தால் ராம்பன்ட். இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சியில் வடக்கே ஒரு பெண்ணின் முகம் தெரியும். அத்தோடு அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் இரவு ஆஷினைப் போடுங்கள். போடுவதற்கு முன், மின் சிரோக்கைப் பற்றி அதுவரை என்ன நினைத்திருக்கிறீர்கள் என்று கூடப் பார்ப்பவரிடம் ஒருமுறை சொல்லிவையுங்கள்.